ஹாஸ்ய ஆசிரியர் நாட் ஹைக்கன்

அமெரிக்க தேசத்தில் டெலிவிஷன் வீடுதோறும் புகுந்த காலத்தில், அதில் நடித்தவர்களின் பெயரைச் சிறுவரும் அறிந்திருந்தனர். அந்நடிகர்களின் நாவில் வார்த்தையை வைத்தவர்களை அறிந்தவர் மிகச் சிலரே. அவ்வாறு மறைந்து நின்று உழைத்தவருள் நாட் ஹைக்கன் என்பவரின் சரித்திரம் நம் அங்கத்தினர்கள், முக்கியமாய் வாலிபர்கள், அறியத்தக்கது.

இவர் 1914-ம் வருஷம் சிக்காகோ நகரில் பிறந்து, மில்வாக்கியில் வளர்ந்து, விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பயின்றார். பின்னர் பிரெட் ஆலன் என்னும் ஹாஸ்ய நடிகரின் ரேடியோ நிகழ்ச்சிக்கு எழுதித் தேர்ச்சி பெற்றார்.

1955-ல் பில் ஸில்வர்ஸ் என்பாரைக் கதாநாயகராகக் கொண்டு இவர் உண்டாக்கிய ஸார்ஜெண்ட் பில்கோ கதைகளே இவருக்கு அழியாப் புகழ் தந்தன. கான்ஸாஸ் நாட்டுப் பாளையமொன்றில், சூதாட்டத்திலும் தந்திரத்திலும் பணம் பறிக்க முயன்று பெரும்பாலும் தோற்றுப்போகும் ஸார்ஜெண்ட் ஒருவனின் லீலைகள் அவை. ஒரு கதையைச் சொன்னால் ஆசிரியரின் திறம் விளங்கும். புது ஆட்களைப் பட்டாளத்தில் சேர்க்கும் வேலையை அதிவேகமாய் முடித்துப் பெயரெடுக்க அதிகாரிகள் விரும்புகின்றனர். அவ்வவசரத்தில் ஒரு வாலில்லாக் குரங்கும் வரிசையில் புகுந்து, பரீக்ஷைகளெல்லாம் தேறி, சிப்பாயாகிவிடுகிறது! தவறை ஒப்புக்கொள்ள மனமில்லாத அதிகாரிகள் அதன்மீது ராணுவ விசாரணை நடத்த, பில்கோ அதற்கு வக்கீலாகிறான். காகிதத்தைப் பார்த்து ஆளைப் பாராத உத்தியோகஸ்தர்களை நம் ஊரிலும் கண்டிருக்கிறோமன்றோ?

பில்கோவின் படையில் பழைய குத்துச்சண்டைக்காரரையும், நீக்ரோவர் என்று அக்காலத்தார் ஒதுக்கிய கறுப்பு இனத்தவரையும் மற்றச் சிப்பாய்களோடு சமமாக நிறுத்தினார். அந்நாட்டில் அவ்வினத்தார் பல இடங்களில் தனியே பிரிக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இக்கதைகள் தொடர்ந்து மூன்று முறை எம்மி பரிசு பெற்றன. ஆனால் எழுதுவதும், நடிப்பிப்பதும், மேற்பார்ப்பதும் தம் கையிலேயே இருக்கவேண்டுமென்பது ஹைக்கன் கொள்கை. வாரந்தோறும் இப்பாரத்தைச் சுமந்து உடல் தளர்ந்து, 1957-ல் விலகினார். பிறரோடு வேலையைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பகிர்ந்திருந்தால் அந்தக் குரங்கு பிறந்திராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1961-ல் நியூயார்க் போலீஸ்காரர் இருவரைப் பற்றிய கார் 54 நாடகங்களைத் தொடங்கினார். அதிலும் பழைய வழக்கமே. கறுப்பு இனத்தவர் இருவர் போலீஸ் உடையில் வந்தனர். 60 நாடகங்களுடன் 1963-ல் அது நின்றது. 1968 டிசம்பரில் மாரடைப்பால் ஹைக்கன் காலமானபோது வயது 54. அவர் எழுதி இயக்கிய கடைசிச் சினிமாப் படம் மறுவருஷம் வெளிவந்தது. அதை அவர் ஜனங்களோடு அமர்ந்து பார்க்கவில்லை.