தில்லியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை கண்ட லேடி ஹார்டிங்

தலைநகர் தில்லியில் கன்னாட் பிளேஸுக்கு அருகே, தியாகி பகத் சிங்கின் பெயர் தாங்கிய சாலையில், ஒரே வளாகத்தில் மூன்று பெண்களின் பெயர்கள் விளங்குகின்றன. லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி, சுசேதா கிருபளானி மருத்துவமனை, கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை என்பவை அவை. ஆங்கிலேயர் காலத்துப் பெயர்கள் பல மாற்றப்பட்ட தலைநகரில், ஒரு வைஸ்ராயின் மனைவியின் பெயர் நிலைத்திருப்பதற்கு அவரது வாழ்க்கையே விடை கூறுகிறது.

வினிஃப்ரெட் ஸ்டர்ட் 1868-ல் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். 1890-ல் அயலுறவுத் துறை அதிகாரியான சார்லஸ் ஹார்டிங்கை மணந்தார். கணவர் வைஸ்ராயாக நியமிக்கப்பட்டதால் 1910-ல் இந்தியா வந்தார். 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

1912 டிசம்பர் 23 அன்று வைஸ்ராய் தம்பதியர் யானை மீதமர்ந்து புதிய தலைநகருக்குள் ஊர்வலமாக வந்தனர். சாந்தினி சௌக்கில் அவர்கள் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. பின்னால் குடை பிடித்திருந்த பணியாளர் உயிரிழந்தார், வைஸ்ராய் படுகாயமடைந்தார், லேடி ஹார்டிங் காயமின்றித் தப்பினார். ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்குச் சென்றுவிட, அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த், பசந்த குமார் விஸ்வாஸ் ஆகிய நால்வரும் 1915-ல் தூக்கிலிடப்பட்டனர்.

தன் உயிருக்கே ஆபத்து நேர்ந்த அந்நகரில்தான் லேடி ஹார்டிங் தனது மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். பர்தா வழக்கம் வேரூன்றியிருந்த வட இந்தியாவில், ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் பிரசவத்தில் மடிந்த பெண்களும், தாயோடு சிகிச்சையை இழந்த குழந்தைகளும் ஏராளம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. எனினும் ஆண்களுடன் சேர்ந்து பயில மகளை அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. பெண்களுக்கென்றே தனி மருத்துவக் கல்லூரியும், அதனுடன் மருத்துவமனையும் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தேவை என்பதே அவர் கண்ட தீர்வு.

அரசுக் கருவூலத்தை மட்டும் நம்பாமல், சுதேச சமஸ்தான மன்னர்களிடமும் செல்வந்தர்களிடமும் அவர் நிதி திரட்டினார். வைஸ்ராயின் மனைவி கேட்கும்போது மறுப்பது மன்னர்களுக்கு எளிதல்ல. அவர்கள் வழங்கிய பணமும் குடிமக்கள் செலுத்திய வரியிலிருந்து வந்ததே. ஆகவே, அந்தக் கட்டடங்களில் பெயரறியாத இந்தியர்களின் பங்கும் அடங்கியிருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

1914 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய லேடி ஹார்டிங், அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. முதல் உலகப் போரில் காயமுற்ற அவரது மூத்த மகனும் அந்த ஆண்டு முடிவதற்குள் உயிர் நீத்தார். மனைவி கனவு கண்ட கல்லூரியை 1916 பிப்ரவரி 7 அன்று வைஸ்ராயே திறந்து வைத்தார். அரசி மேரியின் பெயர் சூட்டப்படவிருந்த அக்கல்லூரி, நிறுவியவரின் பெயரையே பெற்றது. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவியர் 16 பேர்.

ஆங்கிலேய ஆட்சியின் அடையாளமாகத் தொடங்கிய கல்லூரி, அந்த ஆட்சியை எதிர்த்தவர்களுக்கும் பயன்பட்டது. காந்தியடிகளின் மருத்துவராக விளங்கி, பின்னர் மத்திய சுகாதார அமைச்சரான சுசீலா நய்யார் இங்கு பயின்றவரே. 1956-ல் தனியார் நன்கொடையின் துணையுடன் இதே வளாகத்தில் அமைந்த கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையை, கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டன் திறந்து வைத்தார். நாட்டின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்றான அங்கு அண்டை மாநில ஏழைப் பெற்றோரும் பிள்ளைகளைக் கொண்டு வருகின்றனர்.

நன்கொடையால் மருத்துவமனையைக் கட்டிவிடலாம். தலைமுறை தலைமுறையாக நடத்துவதற்கு நிலையான நிதி வேண்டும். 1978-ல் மத்திய அரசு இந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டதன் பொருள் அதுவே. இளநிலை மருத்துவப் படிப்பில் இன்றும் பெண்கள் மட்டுமே இங்கு சேர்க்கப்படுகின்றனர். ஒரு காலத்தில் மன்னர்களின் கொடையாகக் கிடைத்த சிகிச்சை, குடியரசில் ஏழைக் குழந்தையின் உரிமை. அதற்கு ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்கும் பொறுப்பு இப்போது நாடாளுமன்றத்தைச் சார்ந்தது.