மேடையேறிப் பாடிய மீனாட்சி அம்மாள்

என் அம்மாயி கண்டிக்கு அருகே, அம்பிட்டியப் பக்கத்துத் தோட்ட லயம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. காமன் கூத்தில் ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டுவார், தப்பும் ஆண்களின் கையில்தான் என்று அவர் சொல்வார். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களுக்குக் கூத்துக் களத்தில் இடமில்லை.

அதை நினைக்கும்போதெல்லாம் மீனாட்சி அம்மாள் நினைவுக்கு வருகிறார். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார், 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியிலும் பங்கெடுத்தவர். 1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளர் கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் தாமே எழுதிய பாட்டுகளை, சனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில், மேடையில் நின்று பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உரிமை பற்றிய பேச்சு பாட்டாகவே போய்ச் சேர்ந்தது. 1939இல் அரசாங்கம் இந்தியத் தொழிலாளர்களை வேலைநீக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவருடைய பாட்டுகள் நூலாக வெளிவந்தன.

மலையக வரலாற்றில் ஐயருக்குப் பல பக்கங்கள். அம்மாளுக்குச் சில வரிகள். ஆனாலும் அச்சேறியதால் அவர் குரல் மிஞ்சியது.

யுத்தத்தில் மாமாவைப் பறிகொடுத்தபோது அம்மாயி பாடிய ஒப்பாரியை நாங்கள் எழுதி வைக்கவில்லை. அது அவரோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த கிழவி இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். பாட்டுக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதுங்கள்.