சக்கர நாற்காலியில் அமர்ந்த வைத்தியர்: மேரி வர்கீஸ் அம்மையார்



பனையிலிருந்து விழுந்தும், கிணற்று வேலையில் தவறியும், லாரி மோதியும் முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டவர்களை நம் சுற்றுவட்டாரத்தில் கண்டிருக்கிறோம். இனி இவர் எதற்கும் உதவார் என்று வீட்டின் ஒரு மூலையை அவர்களுக்கு ஒதுக்கிவிடுகிறோம். அவ்விதம் எண்ணுவது தவறென்று தம் உடலைக் கொண்டே நிரூபித்த ஒரு பெண்மணியின் சரிதையை இவ்வாரம் தருகிறோம்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சிக்கு அடுத்த செராய் என்னும் ஊரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, அங்கேயே வைத்தியராக அமர்ந்தார். பிரசவ வைத்தியத்திலும் பெண்கள் நோய்களிலும் தேர்ச்சி பெற வேண்டுமென்பது அவருடைய ஆவல்.

மனிதன் நினைப்பது ஒன்று, நேர்வது மற்றொன்று. 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், உடன் பணியாற்றியவர்களோடு அவர் உல்லாசப் பயணம் சென்ற மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பெருங்காயம், முதுகெலும்பிலும் பலத்த அடி. உயிர் தப்பியது. ஆனால் கால்களில் அசைவுமில்லை, உணர்ச்சியுமில்லை. அப்போது அவருக்கு வயது 28.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் நடுவிலுள்ள துவாரத்தில் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் ஓடுகிறது. கால் எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்க, நாளடைவில் கூடிவிடும். முதுகெலும்பும் அப்படியே கூடும். ஆனால் உள்ளே நசுங்கிய தண்டுவடம் மீண்டும் பழையபடி ஆவதில்லை. தாமே வைத்தியராதலால் மேரிக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவருடைய துயரம் இரட்டிப்பாயிற்று.

அச்சமயம் அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நமக்கு வெகுதூரமில்லாத கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேய மிஷனரியின் மகனாகப் பிறந்தவர். தொழுநோயால் நரம்பு கெட்டு, விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிப்போன கைகளுக்கு வேலூரில் சத்திர சிகிச்சை செய்துவந்தார். கெடாமல் இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, விரல்களோடு இணைத்து, அவற்றை மறுபடி அசையச் செய்வது அவருடைய முறை. இந்த வேலைக்குக் கால்கள் எதற்கு? உட்கார்ந்தபடியே கையால் செய்யக்கூடியதல்லவா? மேரி முதலில் தயங்கினார், பிறகு துணிந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே, உலகம் தீண்ட அஞ்சிய கைகளை எடுத்துச் சீராக்கினார். நடக்க முடியாத வைத்தியரைக் கண்டதும் நோயாளிகளுக்குத் தைரியம் பிறந்தது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, பிறருடைய உதவியின்றித் தம் காரியங்களைச் செய்யப் பழகினார். பின்பு அமெரிக்காவில் நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு வைத்தியம் கற்றார். தாயகம் திரும்பி, 1963ஆம் ஆண்டு வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966ஆம் ஆண்டு நோயாளிகள் தங்கிப் பயில்வதற்கென்றே தனி நிலையம் எழுந்தது. கைபலத்தால் உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, ஊன்றுகோல் பிடித்து நிற்பது, உட்கார்ந்து செய்யும் தொழில் ஒன்றைக் கற்பது முதலியவை இத்தகைய சிகிச்சையில் அடங்கும். 1972ஆம் ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986ஆம் ஆண்டு அவர் காலமானார். வேலூர் பாகாயத்திலுள்ள அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்சரிதையிலிருந்து நம் குடும்பங்கள் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளலாம். முதலாவது, உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாதபடி பலர் சேர்ந்து பலகையில் நேராகக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவசரத்தில் முறிந்த எலும்பு நகர்ந்தால், தப்பியிருந்த தண்டுவடமும் கெடும். இரண்டாவது, உணர்ச்சியற்ற உடலில் படுக்கைப்புண் வருவது தெரியாது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, தோலைத் தினமும் பார்த்துவர வேண்டும். மூன்றாவது, அவருக்கு ஒரு வேலையும், குடும்பத்தில் பழைய மரியாதையும் கொடுங்கள்.

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்துவந்து, கூட்டத்தின் மிகுதியால் வழியில்லாதபோது, கூரையைப் பிரித்துச் சேசுநாதரின் முன் இறக்கினார்கள். அந்த நால்வருடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. நம் பங்கில் படுத்திருப்பவரைத் திருப்பலிக்குத் தூக்கிவர அப்படிப்பட்ட நால்வர் இருக்கிறார்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு தெருவும் இதைச் சிந்திப்பதாக.