செஸார் மில்ஸ்டைன்

தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா நாட்டில் பாஹியா பிளாங்கா என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1927-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் செஸார் மில்ஸ்டைன் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியை. செல்வம் இல்லாவிடினும் மூன்று பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை அனுப்பிவிட வேண்டுமென்று பெற்றோர் பாடுபட்டனர். செஸார் பியூனஸ் அயர்ஸ் நகரில் வேதியியல் பயின்றார். 1953-இல் செலியா என்னும் பெண்மணியை மணந்தார். வழியில் வரும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறிக்கொண்டே இருவரும் ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றினார்களாம்!

பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1960-இல் இரண்டாவது டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1961-இல் தாய்நாடு திரும்பி, மால்பிரான் ஆய்வு நிலையத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். மறு ஆண்டே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. நிலையத்தின் இயக்குநர் பழிவாங்கப்பட்டார். அதைக் கண்டு பேசாமலிருக்க மில்ஸ்டைனால் இயலவில்லை. பதவியைத் துறந்து 1963-இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். இழப்பு அர்ஜென்டினாவுக்கே என்பது என் கருத்து.

அவருடைய பெரும்பணியை அறிய, முதலில் நம் உடலைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். நோய்க்கிருமி நுழைந்தால் அதைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருளை நம் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளை அணுக்கள் உண்டாக்குகின்றன. ஓர் அணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். அவ்வணுவைத் தனியே எடுத்து வளர்த்தால் எத்தனை நன்மை! ஆனால் உடலைவிட்டு வெளியே வந்தால் சில நாட்களில் அது மடிந்துவிடும். மைலோமா என்னும் புற்றுநோய்ச் செல்லோ கண்ணாடித் தட்டில் முடிவின்றிப் பெருகும். நாம் விரும்பும் எதிர்ப்பொருளை மட்டும் தராது.

1974-இல் ஜெர்மானிய இளைஞர் ஜார்ஜ் கோஹ்லர் மில்ஸ்டைனிடம் ஆய்வு செய்ய வந்தார். செம்மறியாட்டின் இரத்த அணுக்களை ஒரு சுண்டெலிக்கு ஊசிவழி செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களை மைலோமா செல்களோடு இணைத்தார்கள். ஒட்டு மாங்கன்று போல என்று சொல்லலாம். ஆயினும் இங்கே இரண்டும் கலந்து ஒரே செல்லாகிவிடுகின்றன. அதுவே ஹைபிரிடோமா. பிறகு மூன்று பொருள்கள் சேர்ந்த ஒரு நீர்மத்தில் வளர்த்தார்கள். இணையாத மைலோமா அதில் பிழைக்காது. இணையாத மண்ணீரல் செல் தானே மடியும். இணைந்தவை மட்டும் தப்பும். அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்தால் அக்குடும்பம் முழுதும் ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கும்.

ஹைபிரிடோமாவை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போன்றது. 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் வேண்டும். கன்றின் சீரம் கலந்த உணவு நீரை இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். நெருக்கம் மிகுந்தால் வேறு குப்பிகளில் பிரித்துவிட வேண்டும். ஒரு பூஞ்சை புகுந்தாலும் எல்லாம் பாழ். சில செல்கள் நாளடைவில் சுரப்பதையே நிறுத்திவிடுகின்றன. சுரப்பவற்றைவிட அவை வேகமாகப் பெருகிவிடும் என்பதால் நல்லவற்றை மீண்டும் தனித்தனியே பொறுக்கியெடுக்க வேண்டும். ஒரு பங்கை மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் உறையவைத்தும் காப்பார்கள்.

1975 ஆகஸ்டில் இம்முறை நேச்சர் இதழில் வெளிவந்தது. பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் மில்ஸ்டைன் தம் செல்களை அனுப்பி வைத்தார். அவர் கொடுத்த செல்லைக் கொண்டே அமெரிக்காவில் சிலர் 1979-இல் காப்புரிமை பெற்றனர். அதன் பிறகும் அவர் செல்களைக் கொடுப்பதை நிறுத்தவில்லை. இது எனக்கு நோபல் பரிசைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அப்பரிசு 1984-இல் அவருக்கும் கோஹ்லருக்கும் நீல்ஸ் ஜெர்னே என்பவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

நம் இரத்தம் எந்த வகை என்று பார்க்கையில் ஒரு துளி நீலநிற மருந்தைச் சேர்ப்பார்கள் அல்லவா? 'ஏ' வகையைக் கண்டறியும் அவ்வெதிர்ப்பொருளை ஹைபிரிடோமாவிலிருந்து பெறும் வழியை 1980-இல் மில்ஸ்டைனும் துணைவர்களும் காட்டினார்கள். அதற்கு முன்பு மனித இரத்தத்திலிருந்தே அதைச் சேகரிக்க வேண்டியிருந்தது.

கோஹ்லர் 1995-இல் 48 வயதிலேயே மறைந்தார். மில்ஸ்டைன் 2002 மார்ச் 24-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார். 1981-இல் அவர் ஆய்வகம் உலகுக்களித்த என்.எஸ்.0 என்னும் சுண்டெலிச் செல் பின்னர் மருந்துத் தொழிற்சாலைகளிலும் வளர்க்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகளைக் கடும் நுரையீரல் நோயிலிருந்து காக்க 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிவிசுமாப் என்னும் மருந்து அச்செல்லில் சுரந்ததுதான்.