வாயில்லா ஜீவன்களின் தோழி

காரைக்குடி குட்டீஸ்! உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது நாய் வளர்க்கிறார்களா? அந்த நாயைக் குட்டையான சங்கிலியில் மணிக்கணக்காகக் கட்டிப் போடுவது சட்டப்படி குற்றம், தெரியுமா? வளர்க்க முடியவில்லை என்று எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் குற்றம்தான். இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் ஒரு நடனக் கலைஞர். அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல்.

ருக்மிணி தேவி 1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி, தாயார் சேஷம்மாள். லீப் வருடத்தில் பிறந்ததால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அவருக்குப் பிறந்த நாள் வரும்! பிறகு குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடியேறியது. 1920-ல் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார்.

ரஷ்ய நாட்டின் புகழ்பெற்ற நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு, ருக்மிணியின் மனதில் நடன ஆசையை வளர்த்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றார். 1935-ல் மேடை ஏறினார். அந்தக் காலத்தில் அவர் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில் பெண்கள் மேடையில் ஆடுவதை ஏற்கவில்லை. பலர் எதிர்த்தனர். அவர் கலங்கவில்லை. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

1952-ல் அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். கலைஞர் என்பதால் கலையைப் பற்றி மட்டும் பேசுவார் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க, தானே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால், தன் மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

சட்டம் வந்துவிட்டதா? உடனே வரவில்லை. குழு அமைத்தார்கள், ஆராய்ந்தார்கள், ஆண்டுகள் ஓடின. ருக்மிணி தேவி விடவில்லை. கடைசியில் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவிதான். இறுதிவரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? வளர்ப்பவர் போதிய உணவு, தண்ணீர், தங்கும் இடம் தர வேண்டும். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விட வேண்டும். வண்டி மாட்டின் மீது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றக் கூடாது. தொற்றுநோய் உள்ள விலங்கைத் தெருவில் திரிய விடக் கூடாது.

தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போடுவதற்கான விதிகள் 2001-ல் வந்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். 2023-ல் அவற்றுக்குப் பதில் புதிய விதிகள் வந்தன. நம் பக்கத்தில் நடக்கும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் இந்தச் சட்டத்தோடு தொடர்பு உண்டு. 2017-ல் தமிழக அரசு இதில் திருத்தம் செய்த பிறகுதான் அதற்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒரு குறை உண்டு. முதல் முறை தவறு செய்தவருக்கு இந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இன்று அது ஒரு ஐஸ்கிரீம் விலை! அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. இரக்கம் நம் மனதில்தான் வர வேண்டும்.

1977-ல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோதும் ருக்மிணி தேவி அதை ஏற்கவில்லை. 1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி சென்னையில் காலமானார்.

குட்டீஸ்! நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும் முன் யோசியுங்கள். தினமும் சோறு வைக்க, நடக்கக் கூட்டிப் போக உங்களால் முடியுமா? முடியும் என்றால் கால்நடை மருத்துவமனையில் தவறாமல் தடுப்பூசி போடுங்கள். உரிமம் எடுக்க வேண்டுமா என்று அப்பாவை மாநகராட்சியில் விசாரிக்கச் சொல்லுங்கள். நாய் கடித்துவிட்டால் மறைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வாயில்லா ஜீவன்களுக்காக ருக்மிணி தேவி டில்லி வரை போய்ப் பேசினார். நம் வீட்டு வாசலில் உள்ள ஜீவனை நாம் கவனிக்கலாம் அல்லவா?