பிளேட்டோவும் பெண்மக்களும்

ஆணும் பெண்ணும் அறிவாற்றலில் நிகராவரோ என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன்னரே அதனை எடுத்து ஆராய்ந்தார் கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ. அன்னாரது வரலாற்றை அவ்வினாவோடு பொருத்தி ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிளேட்டோ கி. மு. 427-ஆம் ஆண்டையொட்டி ஏதென்ஸ் நகரத்து உயர்குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் அரிஸ்டன், தாயார் பெரிக்டியோன். குடியாட்சிக்குப் பெயர்பெற்ற அந்நகரத்தே பெண்டிர்க்கு அவையிற் பேசவோ வாக்களிக்கவோ உரிமையில்லை. சட்டத்தின்முன் அவர்கள் தந்தை, கணவன் முதலியோரது காவலுக்கு உட்பட்டவரே.

இளமையிற் பிளேட்டோ சாக்ரட்டீசை அடுத்து மெய்ப்பொருளாராய்ச்சி பயின்றார். கி. மு. 399-இல் அவ்வாசிரியர் நஞ்சருந்தி இறக்குமாறு நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அரசியலில் வெறுப்புற்ற பிளேட்டோ அயலிடங்கட்குச் சென்று, கி. மு. 387-ஐ ஒட்டித் திரும்பி, நகர்ப்புறச் சோலையொன்றில் அக்காடமி என்னும் கல்விக் கழகத்தை நிறுவினார். லாஸ்தீனியா, ஆக்சியோதியா என்னும் மாதர் இருவரும் அவர்தம் மாணாக்கருள் இருந்தனர் என்ப.

அவர் இயற்றிய குடியரசு என்னும் நூலின் ஐந்தாம் பகுதியே நாம் சிறப்பாகக் கருதற்பாலது. ஆண் பெண் வேறுபாட்டை அவர் மறுத்தாரல்லர். எவ்வேறுபாடு எத்தொழிலைத் தொடும் என்றே வினவினார். வழுக்கைத் தலையர் செருப்புத் தைப்பாராயின், முடியுடையார் அத்தொழில் செய்தலாகாதென விலக்குதல் நகைப்பிற்கிடமன்றோ? மகப்பேற்றில் உள்ள வேறுபாடும் ஆட்சித் தொழிலைத் தொடாதென்பது அவர் துணிபு. காவல் நாய்களுள் பெண்ணும் ஆணோடு உடன் காக்கின்றது. வேட்டைக்கும் உடன் செல்கின்றது. ஆதலின் நாடு காக்கும் தகுதியுடைய மாதர்க்கும் இசை, உடற்பயிற்சி, போர்ப்பயிற்சி ஆகிய அனைத்தும் ஆடவரைப்போலவே அளித்தல் வேண்டும் என்றார். உலகம் நகைக்கும் என்பதை அவர் அறியாதாரல்லர். பழக்கம் மாறின் நகைப்பும் மாறும் என்று கண்டார்.

அவர்பால் உள்ள குறையையும் நாம் மறைத்தலாகாது. பெண்டிர் பொதுவாக எத்தொழிலிலும் ஆடவரினும் வலிகுன்றியவர் என்று அந்நூலிலேயே எழுதினார். மாதர் தம் உரிமையினும் நாட்டின் நன்மையே அவர் உள்ளத்தை ஈர்த்தது. முதுமையில் இயற்றிய சட்டங்கள் என்னும் நூலில், பெண்களைப் பயிற்றாத நாடு தன் வலிமையிற் பாதியை இழக்கும் என்று கடிந்தார்; எனினும், அரசுப் பதவி ஏற்றற்கு ஆடவர்க்கு 30 வயதும், பெண்டிர்க்கு 40 வயதும் வகுத்தார்.

கி. மு. 347-இல், ஏறத்தாழ எண்பதாம் அகவையில், அவர் உயிர் நீத்தார். இருபதாண்டு அவரது கழகத்தில் வாழ்ந்த அரிஸ்டாட்டிலோ, ஆளுதல் ஆணுக்கும் ஆளப்படுதல் பெண்ணுக்கும் இயற்கை என்றே எழுதினார். பின்வந்தோர் பலர் மாணாக்கர் காட்டிய வழியே நெடுங்காலம் நடந்தனர். ஆயினும் ஆசிரியர் எழுப்பிய வினா அழிந்திலது. ஒருவரை ஒரு தொழிலினின்று விலக்க முற்படும்போதெல்லாம், நாம் காட்டும் வேறுபாடு அத்தொழிலைத் தொடுவதுதானா என்று அது நம்மை இன்றும் கேட்டு நிற்கின்றது.