பெயர்களை எழுதி வைத்த ஓவியர்: சித்தபிரசாத்

பிள்ளைகளே, உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வர்ணத்தில் தோய்த்து, தாளில் அச்சுக் குத்தி விளையாடியிருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கோ பார்ப்போம்! கிழங்கில் ஒரு நட்சத்திரத்தை வெட்டிவிட்டால் போதும். பத்துத் தாளிலும் அதே நட்சத்திரம், நூறு தாளிலும் அதே நட்சத்திரம். இப்படி அச்சுக் குத்துவதையே தன் வாழ்க்கையாக வைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடத்தில் வாசிக்கப் போகிறீர்கள்.

அவர் 1915 இல் வங்காளத்தில் நைஹாட்டி என்ற ஊரில் பிறந்தார். முழுப் பெயர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. பட்டாச்சார்யா என்பது அவருடைய சாதியைக் காட்டும் பெயர். சாதி எனக்கு வேண்டாம் என்று நினைத்த அவர், பெயரின் அந்தப் பாதியைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகு அவர் வெறும் சித்தபிரசாத்தான். ஓவியத்தை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தானே வரைந்து வரைந்து பழகினார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942 இல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்தன. பர்மாவிலிருந்து வங்காளத்துக்கு வந்த அரிசி நின்றுபோனது. எதிரி கடல் வழியாக வங்காளத்துக்கும் வந்துவிடுவானோ என்று ஆங்கில அரசு பயந்தது. வந்தால் அவனுக்குச் சோறும் கிடைக்கக்கூடாது, வள்ளமும் கிடைக்கக்கூடாது என்று நினைத்தது. அதனால் கரையோர ஊர்களில் இருந்த அரிசியை எடுத்தார்கள். வள்ளங்களைப் பறித்தார்கள், சிலவற்றை உடைத்தார்கள். யோசித்துப் பாருங்கோ. வள்ளம் இல்லாத மீனவர் என்ன செய்வார்?

அதே ஆண்டு ஒக்டோபரில் பெரிய புயல் ஒன்று மேதினிப்பூர்ப் பக்கம் அடித்தது. வியாபாரிகள் சிலர் அரிசியைப் பதுக்கினார்கள். விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஏழைகளால் வாங்க முடியவில்லை. ஊர் முழுக்கச் சாப்பாடு இல்லாமல் போவதைப் பஞ்சம் என்று சொல்வோம். 1943 இல் வந்த வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். போர் நடந்த இடம் வேறு, சனம் செத்த இடம் வேறு.

(உங்கள் அம்மம்மா, தாத்தா யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் என்றால், 1990களில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த காலத்தைப் பற்றிக் கேளுங்கோ. குப்பி விளக்குக் கதை கட்டாயம் வரும்.)

1943 நவம்பரில் சித்தபிரசாத் மேதினிப்பூருக்குப் போனார். அப்போது அவருக்கு 28 வயது. ஊர் ஊராக நடந்தார். கண்டதைக் கறுப்பு மையில் வரைந்தார். எலும்பும் தோலுமான பிள்ளைகள், வெறும் சட்டிகள், ஆள் இல்லாத வீடுகள். அந்தப் படங்களில் சில மிகவும் பயங்கரமானவை. எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தான் வரைந்த மனிதர்களின் பெயரைக் கேட்டு, ஊரையும் கேட்டு, படத்தோடு எழுதி வைத்தார். அவருக்கு அவர்கள் வெறும் ஏழைகள் இல்லை. பெயர் உள்ள மனிதர்கள்.

அந்தப் படங்களையும் தான் கண்டதையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதன் பெயரைத் தமிழில் ‘பசித்த வங்காளம்’ என்று சொல்லலாம். அரசுக்கு வந்ததே கோபம்! 5,000 பிரதிகளைப் பறித்து எரித்துவிட்டார்கள். எல்லாம் போய்விட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஒரே ஒரு பிரதி அவருடைய குடும்பத்திடம் இருந்தது. அதை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். 2011 இல் டெல்லியிலுள்ள ஓர் ஓவியக்கூடம் அந்தப் பிரதியைப் பார்த்து மறுபடி அச்சிட்டது.

1946 இல் சித்தபிரசாத் பம்பாய்க்குக் குடிபோனார். அங்கே லினோ அச்சில் நிறையப் படங்கள் செய்தார். லினோ என்றால் என்ன? அந்தக் காலத்து வீடுகளில் நிலத்துக்கு விரிக்கிற தடித்த விரிப்பு. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்தது. அதில் கூரான உளியால் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் தாளில் வெள்ளையாக வரும். மிச்சம் விட்ட இடம் கறுப்பாக வரும். எழுத்து எழுதினால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான் செதுக்க வேண்டும். விலையும் மலிவு, படமும் எத்தனை வேண்டுமோ அத்தனை எடுக்கலாம். பணக்காரர் வீட்டுச் சுவருக்காக அவர் படம் செய்யவில்லை. அதனால் பெரும்பாலும் கையெழுத்துப் போடவில்லை, எண்ணும் போடவில்லை. ஆட்சியில் இருந்தவர்களையும் பதுக்கல்காரரையும் கேலி செய்து படம் போட்டார். பார்த்தால் சிரிப்பு வரும், பிறகு குத்தும்.

இப்படிச் செய்தவர் அவர் மட்டும் இல்லை. ஜெர்மனியில், முதலாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஜோர்ஜ் குரோஸ் என்ற ஓவியர் இராணுவ அதிகாரிகளைக் கேலி செய்து படங்கள் அச்சிட்டார். இராணுவத்தை அவமதித்தார் என்று 1921 இல் நீதிமன்றம் அவருக்கு 300 மார்க் தண்டம் போட்டது. கேத்தே கொல்விட்ஸ் என்ற அம்மா கேலி செய்யவில்லை. அவருடைய மகன் பீற்றர் 1914 இல் போரில் இறந்தான். அந்தத் துயரத்தை அவர் ஏழு மரப்பலகைகளில் செதுக்கினார்.

சித்தபிரசாத் உங்களைப் போன்ற பிள்ளைகளையும் செதுக்கினார். ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை, வேலைக்குப் போனார்கள். தேவதைக் கதை கேட்காத தேவதைகள் என்ற பொருளில் அந்தப் படங்களுக்குப் பெயர் வைத்தார். 1969 இல் யுனிசெஃப் அமைப்பின் டென்மார்க் குழு அவற்றை வெளியிட்டது. கையில் காசு இல்லாத நாட்களிலும் பொம்மைகள் செய்து, அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டினார். அந்தப் பொம்மலாட்டத்தைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை!

1978 இல் அவர் இறந்தார். மலிவாகக் கொடுக்கச் செய்த அந்தத் தாள்களை இப்போது சேகரிப்பவர்கள் நிறையப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

சரி, அடுத்த சனிக்கிழமை பிக்கரிங் வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஓர் உருளைக்கிழங்கு கொண்டுவாருங்கோ. உங்கள் பெயரின் முதல் எழுத்தைத் திருப்பிச் செதுக்குவோம். ‘ம’ என்றால் சுகம். ‘ஸ்ரீ’யில் பெயர் தொடங்குகிறவர்கள் கொஞ்சம் பெரிய கிழங்காகப் பாருங்கோ.